பெயர் விடுபட்ட அவயவம்



சென்ற மாதத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு, ஞாயிறு பிரசங்கத்தின் ஆயத்தத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நள்ளிரவு தாண்டும்வரை தெர்மாகோலில் ஓர் இதயம் செய்துகொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் குழுவுக்கு, மனித உறுப்பு மண்டலங்களை மாதிரியாகச் செய்து காட்டும் செயல்திட்டம் தரப்பட்டிருந்தது. ஆறு பிள்ளைகள், ஆளுக்கொரு மண்டலம். அவளுடைய பங்கு இரத்த ஓட்ட மண்டலம். ஒன்பது மணிவரை அவள் வெட்டியது கோணலாகவே வந்தது. "நீ போய்ப் படு, அப்பா முடிச்சு வைக்கிறேன்" என்றேன். தமனிகளுக்குச் சிவப்பும் சிரைகளுக்கு நீலமும் தீட்டி, நான்கு அறைகளையும் ஒழுங்காக அமைத்து, என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டு உறங்கப் போனேன்.

மறுநாள் மாலை அவள் சொன்னாள்: "எல்லாரும் உங்க இதயத்தைத்தான் நல்லா இருக்குன்னு சொன்னாங்க, அப்பா. ஆனா நுரையீரல்ல இருந்து ரத்தம் எங்க வரும்னு டீச்சர் கேட்டப்போ எனக்குச் சொல்லத் தெரியல."

இடது மேலறைக்கு வரும் என்பதை அவள் கோணலாக வெட்டியே கற்றிருப்பாள். அந்தக் கல்வியை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவன் நான்.

அதே பேச்சில், பெரிதாக எண்ணாமல் இன்னொன்றையும் சொன்னாள். குழுவில் ஒரு பையன் பங்குப் பணம் 200 ரூபாய் தரவில்லையாம். ஆகையால் அவனுக்குரிய கழிவுநீக்க மண்டலத்தை மற்றவர்கள் கடையில் ஆயத்தமாக வாங்கி ஒட்டிவிட்டார்கள். அட்டையில் அவன் பெயர் எழுதப்படவில்லை. மாதிரியை வகுப்புக்குத் தூக்கிவரும் வேலை மட்டும் அவனுக்குக் கொடுக்கப்பட்டது.

அடுத்த வாரம் பள்ளி வாசலில் அவனைக் கண்டு பேச்சுக் கொடுத்தேன். "எங்க ஆச்சிக்கு வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ், ஐயா. லீவு நாள்ல நான்தான் கூடப் போவேன். கிட்னி கெட்டுப்போனா ரத்தமும் குறைஞ்சிடும். அதுக்குத் தனியா ஊசி போடுவாங்க" என்றான். அந்தக் குழுவிலேயே தன் மண்டலத்தை வாழ்க்கையில் கண்டறிந்த ஒரே பிள்ளை அவன். அவனைத்தான் அட்டைக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

அவன் சொன்னது முற்றிலும் உண்மை. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே திருப்பித் தருகின்றன. இது பாடத்தில் படிப்பது. ஆனால் அவை மற்றொரு பணியையும் ஓசையின்றிச் செய்கின்றன. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து, எரித்ரோபாய்ட்டின் என்னும் சுரப்பை அனுப்பி, சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டுகின்றன. கழிவை அகற்றும் உறுப்பென்று நாம் தாழ்வாக எண்ணுவது, உயிரின் உற்பத்திக்கே குரல் கொடுக்கிறது. அது தளர்ந்தால் இரத்தம் குறையும். இரத்தம் குறைந்தால் இதயம் கூடுதலாக உழைத்துக் களைக்கும். ஆறு அட்டைகளில் ஆறு மண்டலங்களைத் தனித்தனியே ஒட்டி வைத்தால் இந்த உறவு கண்ணுக்குத் தெரியாது.

இந்த உறவுகளைக் கண்டறிய மனிதகுலத்துக்கே நெடுங்காலம் ஆயிற்று. இரத்தம் கல்லீரலில் உண்டாகி உடலெங்கும் சென்று தீர்ந்துபோகிறது என்னும் கேலனின் போதனையை மருத்துவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம்பினார்கள். இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவைக் கணக்கிட்டு, அவ்வளவையும் உடல் புதிதாக உண்டாக்குவது இயலாது, அது சுற்றித் திரும்பத்தான் வேண்டும் என்று 1628-இல் வில்லியம் ஹார்வி நூலெழுதி நிறுவினார். ஆயினும் தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எவ்வழியாய்ப் போகிறது என்பதை அவரால் காண இயலவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661-இல், மல்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் நோக்கித் தந்துகிகளைக் கண்டார். இதயத்தின் உழைப்பெல்லாம் பயன் தருவது அந்த மெல்லிய குழாய்களில்தான். ஆக்சிஜன் திசுக்களுக்குக் கைமாறுவது அங்கேதான். நான் செய்த இதயத்தில் தந்துகிகள் இல்லை. சிவப்புக் குழாயும் நீலக் குழாயும் அட்டையின் ஓரத்தில் வெறுமையாய் முடிந்தன.

ஆகையால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன். குழுச் செயல்திட்டத்தின் பயன் உறுப்புகளில் இல்லை, இணைப்புகளில் இருக்கிறது. மண்டலத்துக்கும் மண்டலத்துக்கும் உள்ள இணைப்பு ஒன்று. பிள்ளைக்கும் பிள்ளைக்கும் உள்ள இணைப்பு மற்றொன்று. பெற்றோராகிய நாம் கத்தரியை எடுக்கும்போது முதலாவதைக் கெடுக்கிறோம். பங்குப் பணத்தை நுழைவுச்சீட்டாக்கும்போது இரண்டாவதை அறுக்கிறோம். அழகான மாதிரி மேசைமேல் நிற்கும், பிள்ளைகள் கற்றிருக்கமாட்டார்கள்.

இதற்கு மறுமொழி உண்டென்பதை அறிவேன். "குழுவென்றால் ஒரு பிள்ளை உழைக்கும், மற்றவை சும்மாயிருக்கும், மதிப்பெண் போய்விடுமே" என்று தாய்மார் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது நியாயமான கவலையே. ஓர் உறுப்பு தளரும்போது மற்றவை அதன் பாரத்தைச் சுமப்பதைச் சரீரத்திலும் காண்கிறோம். ஆனால் எவ்வளவு காலம்? இதயம் தளர்ந்தால் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் தேக்கி ஈடுசெய்ய முயலும். அதுவே பின்பு கால்வீக்கமாய் வெளிப்படும். மறைவாய்ச் சுமக்கும் உதவியும் சில வேளைகளில் நோயாகிறது. ஆகவே உழைக்காத பிள்ளையின் பங்கை இன்னொரு வீட்டார் இரவில் செய்து முடிப்பது தீர்வாகாது. "இது உன் பங்கு, நீ வராவிட்டால் நாங்கள் நிறைவு பெறமாட்டோம்" என்று அந்தப் பிள்ளையிடமே பேசப் பழகுவதுதான் தீர்வு. பதினொரு வயதில் இதைப் பழகாதவர்கள் நாற்பது வயதில் சபைக் குழுவில் அமர்ந்தும் பழகுவதில்லை. இதை அனுபவத்தால் எழுதுகிறேன்.

பரிசுத்த பவுல் கொரிந்து சபைக்குச் சரீரத்தின் உவமையை எழுதியது எந்தச் சூழலில் என்று எண்ணிப் பாருங்கள். முதல் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தைப் போற்றும் நாம், அதற்கு முந்தின அதிகாரத்தை விரைவாய்க் கடந்துவிடுகிறோம். கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்தபோது, உள்ளவர்கள் முந்திப் புசித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடும் வெட்கத்தோடும் நின்றார்கள். அதைக் கண்டித்த கையோடுதான், எளியதாய்த் தோன்றும் அவயவம் இல்லாமல் சரீரம் நிற்காது என்று அப்போஸ்தலன் விளக்குகிறார். பங்குப் பணம் இல்லாததால் பெயர் விடுபட்ட பையனின் கதை கொரிந்துவின் கதையே.

பெற்றோரே, பிள்ளைகளின் வேலையில் கை வைக்காதீர்கள். அருகில் அமர்ந்து கேள்வி கேளுங்கள். வெட்டிய நெகிழிக் குப்பிக்குள் இரண்டு பலூன்களைக் குழாயில் கட்டி, அடியில் கிழிந்த பலூனின் ரப்பரை இழுத்துப் பிடித்தால் சுவாச மண்டலம் ஆயத்தம். ரப்பரைக் கீழே இழுக்கப் பலூன்கள் விரியும். உதரவிதானத்தின் வேலை அதுவே. இதற்குப் பணம் எதற்கு? சபையில் உள்ள ஆசிரியப் பெருமக்களே, ஒவ்வொரு பிள்ளையும் தன் மண்டலத்தை அல்ல, தோழனின் மண்டலத்தை விளக்கும்படி கேளுங்கள். அப்பொழுது எவனையும் வெளியே நிறுத்திவிட்டு மதிப்பெண் பெற இயலாது.

வருகிற சனிக்கிழமை முதல், பிற்பகல் வேளைகளில் நம் ஞாயிறு பள்ளி அறை திறந்திருக்கும். பழைய அட்டைகள், கத்தரி, பசை எல்லாம் அங்கே இருக்கும். எந்த வீட்டுப் பிள்ளையும், எந்த மதத்தாரின் பிள்ளையும் வரலாம். பெரியவர்கள் தேநீர் கொடுக்கலாம். வெட்டித் தர வேண்டாம். அந்தப் பையனையும் என் மகள் அழைத்திருக்கிறாள். கோணலாக வெட்டிய தன் பழைய இதயத்தைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். சிறுநீரகத்தை அவன் அவளுக்குச் சொல்லித் தருவானாம். முதலில் அவன் பெயரை அட்டையில் எழுதப்போவதாகவும் சொன்னாள்.

அவயவங்கள் அனைத்தையும் ஒன்றாய் இணைத்த தேவன், விடுபட்டவர்களைத் தேடிச் சேர்க்கும் மனதை நமக்கு அருள்வாராக. ஆமென்.