கப்பல் டிக்கெட்டுக்கு முன் டாக்டரைப் பாருங்கள்



ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒர்க்‌ஷாப்பிலும் குடோனிலும் பத்து, இருபது வருடம் உழைத்தவர்களுக்கு, ஊரிலிருந்து அம்மா அப்பாவை விசிட் விசாவில் வரவழைத்து நாலு இடம் காட்ட வேண்டும் என்பது பெரிய ஆசை. முன்பெல்லாம் பாலைவன சஃபாரி, புர்ஜ் கலிபா என்று முடிந்துவிடும். இப்போது அந்தப் பட்டியலில் உல்லாசக் கப்பலும் சேர்ந்துவிட்டது. துபாய் ரஷீத் துறைமுகம், அபுதாபி சாயித் துறைமுகம் ஆகிய இடங்களிலிருந்து தோஹா, மஸ்கட் என்று சுற்றிவரும் கப்பல்கள் பல ஆண்டுகளாகக் குளிர்கால மாதங்களில் புறப்பட்டு வந்திருக்கின்றன. பிள்ளைகளை அமெரிக்காவில் படிக்க வைத்திருக்கும் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் வரை அட்லாண்டிக் கடலைக் கப்பலிலேயே கடக்கலாமா என்று விசாரிக்கிறார்கள்.

தாராளமாகப் போகலாம். "வயசான காலத்தில் இதெல்லாம் எதற்கு?" என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. ஆனால் கப்பல் பேச்சு வந்தால் நம்மவர்கள் கேட்பது மூன்றே விஷயம்: பால்கனி அறை கிடைக்குமா, சைவச் சாப்பாடு உண்டா, எந்த மாதம் விலை குறைவு. விசா விவரத்தை ஏஜென்டிடம் கேட்டுக்கொள்வார்கள். உடம்பைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. முதல் முறை கப்பல் ஏறுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பெரிய ஆஸ்பத்திரியை விட்டு எத்தனை நாள் தள்ளியிருக்க என் உடம்பு தாங்கும்?" என்பதுதான் என்பது என் கருத்து.

இங்கேதான் வளைகுடாவுக்கும் அட்லாண்டிக்குக்கும் உள்ள வித்தியாசம். வளைகுடாப் பயணத்தில் ஒரு நாள், இரண்டு நாளில் ஏதாவது ஒரு துறைமுகம் வந்துவிடும். 'குவீன் மேரி 2' போன்ற கப்பல் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போக வழக்கமாக 7 இரவுகள் ஆகும். நடுவில் கரையே கிடையாது. நடுக்கடலில் இருக்கும் நாட்களில் ஹெலிகாப்டராலும் எட்ட முடியாது. பெரிய கப்பல்களில் டாக்டரும் நர்சுகளும் உண்டு. ஈ.சி.ஜி., சில ரத்தப் பரிசோதனைகள், அவசர மருந்துகள் உண்டு. மாரடைப்பு வந்தால் முதல் சிகிச்சை கொடுப்பார்கள். ஆனால் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் வசதி அங்கே இல்லை. அதற்குக் கரைக்குத்தான் வர வேண்டும். ஆகவே சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், மூச்சுத் திணறல் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தங்கள் டாக்டரின் சம்மதம் இல்லாமல் முன்பணம் கட்டவே வேண்டாம். மற்றவர்களும் முதலில் மூன்று, நான்கு இரவு வளைகுடாப் பயணம் போய்ப் பார்த்துவிட்டு அட்லாண்டிக்கை நினைப்பது நல்லது.

இரண்டாவது, நம்மிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கம்: மறைப்பது. "சுகர், பிரஷர் என்று எழுதினால் ஏற்ற மாட்டார்கள்" என்று பயந்து படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போடுகிறோம். கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரைக்காகவோ ரத்த அழுத்தத்துக்காகவோ யாரையும் பொதுவாகத் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் மறைத்தது தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம். கப்பல் டாக்டரின் பில் உங்கள் அறைக் கணக்கில் ஏறும். கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு பல வருடச் சேமிப்பைக் கரைத்துவிடும். இங்கே கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் அட்டை கடலில் செல்லும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இருக்கும் நோயைச் சொல்லி, அவசரமாகக் கரைசேர்க்கும் செலவையும் சேர்த்துத் தனிப் பயண இன்சூரன்ஸ் எடுங்கள். கர்ப்பிணிகளும் மாதத்தை மறைக்கக் கூடாது. பயணம் முடிவதற்குள் 24 வாரம் ஆகிவிடும் என்றால் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை. கைக்குழந்தை என்றால் பொதுவாக 6 மாதம், அட்லாண்டிக் பயணத்துக்கு 12 மாதம் நிரம்பியிருக்க வேண்டும்.

பெரியவர்கள் மறைப்பது வேறு விதம். "பையன் இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டி வந்திருக்கான், நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா எல்லாருக்கும் கெட்டுப் போகுமே" என்று வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பார்கள். கப்பல் டாக்டருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே புறப்படும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். "என்ன செய்தாலும் உடனே சொல்லுங்கள், பணம் போனால் போகட்டும்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பெயர், வயது, நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு அட்டையில் எழுதி அவர்கள் பையில் வையுங்கள். மருந்துக்கு கம்பெனிப் பெயர் போதாது, மூலப்பெயரும் வேண்டும்.

மருந்துகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கு அதிகமாக எடுத்துச் செல்லுங்கள். ஊரிலிருந்து வரும்போதே ஒரு எச்சரிக்கை: கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால், சில தூக்க மாத்திரைகள் போன்றவற்றுக்கு அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு. டாக்டர் சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுவர வேண்டாம். அட்லாண்டிக்கில் மேற்கே போகும்போது மொத்தம் ஐந்து மணி நேரம் கடிகாரம் பின்னால் போகும். இன்சுலின் போடுபவர்கள் வேளையை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடல் ஆட்டத்துக்கு நம் வீட்டுக் கைவைத்தியம் அவோமின் மாத்திரை. மலை பஸ்ஸில் போட்ட பழக்கம். இதுவும், இதுபோன்ற வேறு பல மாத்திரைகளும் தூக்கம் வரவழைக்கும். புராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைக்கலாம். சிலவகை கிளாகோமா உள்ளவர்களுக்கும் ஆகாது. கேட்காமல் கொடுக்காதீர்கள். ஆட்டம் குறைவாக இருக்க வேண்டுமானால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். தலை சுற்றினால் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, கை கழுவுவது. கப்பலில் வேகமாகப் பரவுவது நோரோவைரஸ் என்னும் வாந்தி, பேதி. இதற்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் மருந்து. பஃபேக்குப் போகும் முன் ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். பேதி வந்தால் மறைக்காமல் சொல்லி அறையிலேயே இருங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் அந்த நாட்களில் எப்படி எடுப்பது என்று டாக்டரைக் கேளுங்கள். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. அந்தக் கப்பலில் நம் நாட்டவர் 138 பேர் இருந்தார்கள். அதில் 132 பேர் ஊழியர்கள். நாம் மறைக்கும் நோய், நமக்குப் பரிமாறும் அந்தப் பிள்ளைகளையும்தான் முதலில் பிடிக்கும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். குழுவாகக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்தால், பணம் வசூலிக்கும் முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை வைப்போம். உறுப்பினர்களில் டாக்டர்களும் நர்சுகளும் இருந்தால் அவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். மருந்து அட்டையை அங்கேயே எழுதிக் கொடுத்துவிடலாம். பயணத்துக்கு உடம்பு ஒத்துழைக்காது என்று தெரிந்தால் அதைக் கரையிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அவர்களை கோர்ஃபக்கான் கடற்கரைக்குக் கூட்டிப்போனாலும் அம்மா அப்பாவின் முகத்தில் அதே சந்தோஷம்தான் இருக்கும்.

நலமாகப் போய் நலமாகத் திரும்பி வாருங்கள்.