தண்டல்காரர் வராத நாள்



சென்ற ஜூலை மாதத்தின் நடுவில் மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து, கட்டன்சாயா அருந்திக்கொண்டிருந்தோம். எல்லாரும் புறப்பட்ட பின் அவ்வீட்டுச் சகோதரி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணாச்சி, கடன் முழுவதும் அடைந்த பிறகுதான் சேமிக்கத் தொடங்க வேண்டுமா?"

சபையில் வியாதிக்காக ஜெபிக்கச் சொல்வோம். பிள்ளையின் பரீட்சைக்காகச் சொல்வோம். கடனுக்காகச் சொல்ல நா எழுவதில்லை. ஆகவே அவர் கேட்டதே பெரிய காரியம் என்று எண்ணினேன். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அவர்கள் வீட்டுக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கணவர் பெட்டி ஆட்டோ ஓட்டி, பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். சகோதரி ஃபோர்ட் கொச்சியில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். ஒரே மகள் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். செவிலியர் படிப்புக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கென்று ஐந்து ஆண்டுகளாகச் சேர்த்த 55,000 ரூபாய் வங்கியில் இருந்தது. முந்தின செப்டம்பரில் ஊரிலே மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை, போக்குவரத்து, துணைக்கு இருந்தவர்களின் செலவு எல்லாம் சேர்ந்து 1,37,500 ரூபாய் ஆயிற்று. சேமிப்பு முழுவதும் போயிற்று. நகையை அடகு வைத்து 60,000 வாங்கினார்கள். மிச்சத்திற்குத் தண்டல்.

ஊரில் பாட்டிக்குக் குடும்ப அட்டை இருந்தது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை மட்டும் எடுக்கப்படவில்லை. பிழைப்பு இங்கும் பெற்றோர் அங்குமாக இருக்கிற நம் குடும்பங்களில் இது அடிக்கடி நேருகிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கோயில் பண்டிகைக்கும் கலியாணத்திற்கும் நடுவே ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, பெற்றோருக்கு அந்த அட்டை கிடைக்க வழியுண்டா என்று விசாரித்து வாருங்கள்.

இனி தண்டலைப் பார்ப்போம். 25,000 என்று எழுதி, 2,500-ஐ முன்னதாகவே பிடித்துக்கொண்டு, 22,500-ஐக் கையில் கொடுப்பார்கள். நாள் ஒன்றுக்கு 250 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஞாயிறு மட்டும் விடுமுறை. "பத்து சதவீதம்தானே" என்று தோன்றும். ஆனால் கடன் நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. பிடித்த வட்டியோ முழுத்தொகைக்கும் உரியது. கணக்கிட்டுப் பார்த்தால் ஆண்டு வட்டி 75 சதவீதத்திற்கும் மேல் போகிறது. நகைக்கடனுக்கு அவர்கள் கொடுப்பது ஆண்டுக்கு 12. கேரளத்தில் "பிளேடு" என்று மக்கள் சொல்லும் கொள்ளை வட்டிக்காரர்கள்மேல் 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் "ஆபரேஷன் குபேரா" என்ற பெயரில் போலீஸ் நடவடிக்கை எடுக்கப்பட்டது நினைவிருக்கலாம். அப்படியிருந்தும் தண்டல் ஒழியவில்லை. ஜாமீன் கேட்காமல், படிவம் நிரப்பச் சொல்லாமல், வாசற்படிக்கே வருகிற கடன் அது ஒன்றுதான்.

இந்தக் குடும்பம் முதல் சுற்றை ஒழுங்காகக் கட்டி முடித்தது. முடிந்த மறுநாளே ஆட்டோவுக்கு டயர் மாற்ற வேண்டியதாயிற்று. கையில் ஒன்றும் இல்லை. இரண்டாம் சுற்று எடுத்தார்கள். அது முடிந்தபோது பள்ளி திறக்கும் செலவு வந்தது, மூன்றாம் சுற்று. பத்து மாதத்தில் வட்டியாக மட்டும் 7,500 போய்விட்டது. நான் போன அன்று மூன்றாம் சுற்றில் 60 நாள் கட்டி, 40 நாள் மீதியிருந்தது. நகைக்கடனில் ஒரு ரூபாயும் குறையவில்லை.

நான் அவரிடம் கேட்டேன்: "நாள்தோறும் 250 ரூபாயை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள்?"

"எப்படியோ கொடுத்துவிடுகிறோம் அண்ணாச்சி. அவர் வந்து நிற்கிறாரே!"

இந்தப் பதிலில்தான் அவருடைய கேள்விக்கான விடையும் இருந்தது. மாதத்தில் 26 நாள், நாளுக்கு 250 என்றால் 6,500 ரூபாய். சேமிக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்லுகிற வீடு, பத்து மாதமாக மாதந்தோறும் 6,500 ரூபாயை ஒரு நாளும் தவறாமல் எடுத்து வைத்திருக்கிறது. அது வேறொருவர் பைக்குப் போயிற்று என்பதுதான் குறை.

மாதச் சம்பளக்காரருக்கு எழுதப்பட்ட சேமிப்பு ஆலோசனைகள் நம்மில் அநேகருக்குப் பொருந்தாததற்கும் காரணம் இதுவே. ஒன்றாம் தேதி மொத்தமாக ஒதுக்கி வை என்றால், ஒன்றாம் தேதி மொத்தமாகக் கையில் வந்தால்தானே? மட்டாஞ்சேரிக்கு இந்தக் கவலை பழையது. ஒரு காலத்தில் இந்தத் துறைமுகத்தில் "சாப்பா" என்னும் உலோக வில்லைகளைக் கூலியாட்களின் கூட்டத்திற்குள் வீசி எறிவார்கள். பாய்ந்து எடுத்தவனுக்கு அன்று வேலை, எடுக்காதவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். அம்முறையை எதிர்த்துப் போராடிய தொழிலாளர்கள்மேல் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்களும் போயின. சாப்பா ஒழிந்துவிட்டது. ஆயினும் அன்றாடம் கிடைப்பதைக்கொண்டு வாழும் வீடுகள் இன்றும் உண்டு. நாள் வருமானக்காரருக்கு நாள் சேமிப்பே பொருந்தும். தண்டல்காரர் அதை அறிந்திருக்கிறார், நாம் அறியவில்லை.

ஆகவே சகோதரியின் கேள்விக்கு நான் சொன்ன விடை: காத்திருக்க வேண்டாம், நாளைக்கே தொடங்குங்கள். ஆனால் சிறிதாக, நாளுக்கு 30 ரூபாய். இந்தச் சுற்றை அவசரப்பட்டு முன்கூட்டி அடைக்க வேண்டாம். வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டதால், தள்ளுபடி தராத இடத்தில் அதனால் இலாபம் இல்லை. சுற்று முடிகிற நாளில் வெறுங்கையாய் நிற்காமல் இருப்பதுதான் முக்கியம். 40 நாளில் அந்த 30 ரூபாய் 1,200 ஆகும். பெரிய தொகை அல்ல; ஆனால் முதல் சுற்று முடிந்தபோது அப்படி ஒரு சிறுதொகை கையில் இருந்திருந்தால், டயர்க் கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு மீதிக்குத் தவணை கேட்டிருக்கலாம்.

ஆகஸ்டு கடைசியில் தண்டல்காரர் கடைசித் தவணையை வாங்கிச் செல்வார். மறுநாள் காலையில் அதே நேரத்தில் அதே 250 ரூபாயை எடுத்து ஒரு டப்பாவில் போட வேண்டும். வீட்டில் யாராவது ஒருவர் தண்டல்காரராக இருக்க வேண்டும். அந்த வேலையை மகளுக்குக் கொடுங்கள் என்றேன். பிள்ளைகளைப்போல் விடாமல் கேட்கிறவர் உண்டா?

இந்த 250 எங்கே போக வேண்டும்? செப்டம்பரில் நகைக்கடனுக்கு ஓராண்டு நிறைவு; அன்று வட்டி 7,200 கட்ட வேண்டும். அந்த மாதத்து 6,500-ம் டப்பாவிலுள்ள 1,200-ம் அதற்குப் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை. பொன் விலை ஏறியிருப்பதால், "இதே நகைக்கு இன்னும் கூடுதலாகக் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளின்படி, இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். கொடுக்கலாம் என்பதால் வாங்க வேண்டும் என்பதில்லை. விலை ஏறஏறக் கடனையும் ஏற்றிக்கொண்டே போனால், அந்தச் சங்கிலி வீட்டிற்குத் திரும்பாது. மறு அடகு வைக்கும்போது சங்கிலியையும் வளையல்களையும் ஒரே சீட்டில் வைக்காமல் தனித்தனிச் சீட்டாக வைக்கச் சொல்லுங்கள். சிறியதை முதலில் திருப்பலாம். ஒரு வளையல் கைக்கு வந்தால் வருகிற தைரியத்தை எந்தப் பிரசங்கமும் தராது. (எங்கள் போதகர் மன்னிப்பாராக.)

அதன்பின் நாள்தோறும் 250-இல் 150 நகைக்கு, 100 சேமிப்புக்கு. மாதம் 3,900 கட்டினால் 60,000 ரூபாய்க் கடன் வட்டியோடு ஏறத்தாழ 17 மாதத்தில் தீரும். இடையிடையே அசலில் ஒரு பகுதியைக் கட்டலாமா, கட்டினால் வட்டி குறையுமா என்பதை அடகு வைக்கிற அன்றே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அதே 17 மாதத்தில் சேமிப்பு 44,200 ஆகும்.

"அதைக் குறியில் போட்டால் சீக்கிரம் கிடைக்காதா?" என்று சகோதரி கேட்டார். கேரளத்தில் யாரும் கேட்கிற கேள்விதான். 1969-இல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு மாநில அரசே கே.எஸ்.எஃப்.இ. நிறுவனத்தைத் தொடங்கியது, சிட்டி சேராத வீடு இங்கே குறைவு. நான் சிட்டிக்கு விரோதி அல்ல. ஆனால் ஏலத்தில் சிட்டி நம் பெயருக்கு விழுந்தாலும், மீதித் தவணைகளுக்கு ஜாமீன் காட்டினால்தான் பணம் கைக்கு வரும். சொந்த நிலமும் அரசாங்க வேலைக்கார உறவினரும் உள்ள உள்ளூர்க்காரருக்கு அது எளிது. வாடகை வீட்டிலிருக்கிற நமக்கு ஜாமீனாக வைக்க மீந்திருப்பது நகை. அது ஏற்கெனவே அடகில். மேலும் அவசரத்திற்குத் தள்ளி எடுக்கிறவர் இழக்கிற தொகையே, பொறுத்திருப்பவருக்கு இலாபமாய்ப் பிரிகிறது. சபையின் சகோதரிகளுக்குள் எழுத்தில்லாமல் நடத்தும் குறியைப்பற்றி ஒன்று மட்டும் சொல்வேன்: அது முறிந்தால் பணத்தோடு ஐக்கியமும் போகும்.

தபால் நிலையத் தொடர் வைப்பு பாதுகாப்பானது. ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம், மூன்றாண்டுக்கு முன் முடிக்க இயலாது. மகளின் படிப்புக்கு இரண்டாண்டுக்குள் தேவை. ஆகவே வங்கியில் குறுகிய காலத் தொடர் வைப்பே இவர்களுக்குப் பொருந்தும் என்று சொன்னேன். சகோதரிக்கு வங்கியென்றால் ஒரு பயம். அவர் வேலைசெய்யும் வீட்டுப் பாட்டியம்மா பாலா சென்ட்ரல் வங்கியின் கதையைச் சொல்லியிருக்கிறார். 1960 ஆகஸ்டில் அவ்வங்கி மூடப்பட்டது மெய்தான். அந்த வீழ்ச்சிக்குப் பிறகுதான் வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் 1961-இல் பிறந்து, 1962 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. 2020 பிப்ரவரி முதல் ஐந்து லட்சம் வரை. ஆனால் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் போடும் பணத்திற்கு இந்தக் காப்பீடு கிடையாது.

கடைசியாகத் தலையைக் குனிந்துகொண்டு ஒன்று கேட்டார்: தசமபாகத்தை நிறுத்தலாமா? அது அந்தக் குடும்பமும் கர்த்தரும் தீர்மானிக்க வேண்டிய காரியம். நான் கட்டளையிட மாட்டேன். ஆனால் தண்டல் வாங்கிக் காணிக்கை கொடுத்த ஒரு வாரமும் உண்டு என்று அறிந்தபோது, அதை மட்டும் செய்ய வேண்டாம் என்றேன். கடன்காரன் பிள்ளைகளைப் பிடிக்க வந்த விதவையிடம் எலிசா தீர்க்கதரிசி முதலில் விசாரித்தது, வீட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான். எண்ணெய் பெருகியது அதற்குப் பின்பு.

நாங்களும் அதையே செய்தோம். கணவர் வந்ததும் மூவரையும் உட்காரவைத்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். மகள் மலையாளத்தில்தான் எழுதுவாள். தாய்க்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். எண்கள் இருவருக்கும் பொது. வாடகை, அரிசி, நகை வட்டி என்று எழுதிக்கொண்டு வந்தபோது, சகோதரி மெதுவாக, "தண்டல் இது மூன்றாவது சுற்று" என்றார். கணவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது தெரியாது; அவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போன பின்தான் தண்டல்காரர் வருவாராம்.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னார்: "ஒர்க்‌ஷாப்பில் நானும் நாலாயிரம் பாக்கி வைத்திருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை."

மகள் அதையும் எழுதினாள். அதுவரை என் கணக்கில், நகை திரும்பியபின் முழு 6,500-ஐயும் சேமித்தால், பிளஸ் டூ முடிகிற ஆண்டின் ஏப்ரலில் பழைய 55,000 நிரம்பிவிடும் என்றிருந்தது. நாலாயிரத்தைக் கழித்தவுடன் அது மே மாதத்திற்குத் தள்ளிப்போயிற்று.

"நர்சிங் சேர்க்கை எப்போது?" என்று தகப்பனார் கேட்டார்.

"மே கழிந்துதான் அப்பா" என்றாள் மகள். சகோதரி எழுந்துபோய் அடுக்களையிலிருந்து ஒரு பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். அன்றைய 30 ரூபாயைத் தகப்பனார் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டார்.