கூடாரம் போடலாம், குடிசை கூடாதா?

"டென்ட்ல தங்குறதுக்கு ஃப்ளைட் ஏறிப் போகணுமாடா?" என்று அம்மா கேட்டாங்க. தார் எஸ் சலாமில் வேலை பார்க்கும் மாமா கூப்பிட்டதால் போன டிசம்பர் லீவில் தான்சானியா போனேன். செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குள் ரெண்டு ராத்திரி சஃபாரி டென்டில் தங்கினேன்.

முதலில் உண்மையைச் சொல்லிடறேன், செம அனுபவம். கேன்வாஸ் சுவர், உள்ளே நல்ல கட்டில், கரன்டுக்கு சோலார். ஷவர் என்பது மேலே தொங்கும் ஒரு வாளி. சொன்னால் வெளியிலிருந்து வெந்நீர் ஊத்துவாங்க. சோப்பு போட்டுட்டு யோசிச்சுக்கிட்டு நின்னா தண்ணி தீர்ந்திடும். இருட்டினதும் தனியாக நடக்கக் கூடாது, 'அஸ்காரி' என்கிற காவலாளி டார்ச்சோடு கூட வருவார். ராத்திரி கழுதைப்புலி ஊளையிடும்போது எனக்கும் அதுக்கும் நடுவில் ஒரு துணிதான்.

எஞ்சினியரிங் பசங்க இல்லையா, தரையைப் பார்த்தேன். கான்கிரீட் கிடையாது. வில்டபீஸ்ட் கூட்டம் மழையைத் தேடி நகரும்போது சில முகாம்கள் பின்னாடியே இடம் மாறுமாம். பிரிச்சு எடுத்துட்டா புல் முளைச்சிடும். மேனேஜர் பெருமையாகச் சொன்னார்: "மனுஷன் தொடாத பூமி இது. நாமளும் தடம் விடுறதில்லை." நானும் மண்டையை ஆட்டினேன்.

மறுநாள் மோரு பாறைகள் பக்கம் போனோம். அங்கே ஒரு பாறையில் சிவப்பு, வெள்ளையில் கேடயங்கள் வரைஞ்சிருக்கு. மாசாய் மக்கள் வரைஞ்சது. மனுஷன் தொடாத பூமியில் இதை யார் வரைஞ்சாங்க?

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பூங்கா அறிவிக்கப்பட்டது 1951-ல். பிரிட்டிஷ் நிர்வாகம் 1959-ல் உள்ளே வாழ்ந்த மாசாய் மக்களை வெளியேற்றியது. பக்கத்து ங்கோரோங்கோரோவில் இருந்துக்கலாம் என்று சொன்னார்கள். அருஷாவிலிருந்து அந்த வழியாகத்தான் வந்தோம். ரோட்டோரம் மாசாய் மேய்ப்பர்கள், மாடு, ஆடு. செரெங்கெட்டி எல்லையைத் தாண்டினதும் ஒரு மாடுகூட இல்லை.

கதை அங்கேயும் முடியலை. 2022 முதல் ங்கோரோங்கோரோவிலிருந்தும் சுமார் 600 கி.மீ. தள்ளி இருக்கிற ம்சோமேராவுக்குக் குடும்பங்களை மாற்றுகிறார்கள். விருப்பப்பட்டுத்தான் போறாங்க என்கிறது அரசு. ஆஸ்பத்திரி, ஸ்கூல் வசதிகளைக் குறைச்சு எங்களைப் போக வைக்கிறாங்க என்கிறார்கள் மாசாய் மக்கள் பலர்.

என் கேள்வி இதுதான். மாசாய் வீடு குச்சி, மண், மாட்டுச் சாணத்தால் ஆனது. கட்டுவது பெண்கள். காலி பண்ணிட்டுப் போனால் மண்ணோடு மண்ணாகிடும். பழைய மாட்டுப்பட்டி இருந்த இடத்தில் சாணம் மக்கி, புல் செழிப்பா வளர்ந்து, காட்டு விலங்குகளும் வந்து மேயும். நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூவில் இதை 'சஸ்டெய்னபிள் டிசைன்' என்று காட்டினால் ஃபுல் மார்க். ஆனால் பூங்காவுக்குள் அந்த வீட்டுக்கு இடமில்லை, என் டென்டுக்கு இடமிருக்கு. வித்தியாசம் டிசைனில் இல்லை. நான் டாலரில் வாடகை கட்டினேன், அவ்வளவுதான்.

அப்போ டூரிஸமே வேண்டாமா? அப்படிச் சொல்லலை. டிக்கெட் காசில்தான் வனக் காவலர்களுக்குச் சம்பளம் போகுது. ஜனமும் மாடும் பெருகினால் மேய்ச்சல் நிலம் தாங்காது என்கிற கவலையும் பொய்யில்லை. ஆனால் வெளியேற்றுவது மட்டுமே வழியும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், கென்யாவின் மாசாய் மாராவை ஒட்டி, மாசாய் குடும்பங்கள் தங்கள் சொந்த நிலத்தைச் சேர்த்து முகாம்களுக்குக் குத்தகைக்கு விடுறாங்க. வாடகை அவங்களுக்கே வருது. டென்ட் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கு. முறை வைத்து மாடும் மேயுது. குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன், கொரோனா சமயத்தில் டூரிஸ்ட் வராததால் வாடகையும் அடிபட்டது. ஆனாலும் நிலம் யாருடையது என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

வேலைக்குப் போய் சம்பாதிச்சு, நம்மில் யாராவது ஒருநாள் இப்படி ஒரு டென்ட் புக் பண்ணுவோம். தாராளமாகப் போங்க. ஆனால் வைஃபை இருக்கா என்று கேட்பதற்கு முன்னாடி, இந்த நிலத்தில் முன்னாடி யார் இருந்தாங்க, இப்போ அவங்களுக்கு என்ன கிடைக்குது என்று ஒரு மெயில் போடுங்க. நான் போகும்போது அதைக் கேட்கலை. வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்றுதான் கேட்டேன்.