டிரேஸ்ரூட்டுக்கு லைப்ரரி எதற்கு என்பவர்களுக்கு

டிரேஸ்ரூட் கோப்புகளை அலசுவதற்கென்றே ஸ்கிரிப்ட் லைப்ரரிகள் இருக்கின்றன என்று நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள். "அதுக்கு எதுக்குங்க லைப்ரரி? வரிக்கு ஒரு ஹாப், ஹாப்புக்கு ஒரு ஐபி. கிரெப், ஆக் ரெண்டும் போதுமே" என்பார்கள். 1980-களின் இறுதியில் வான் ஜேக்கப்சன் எழுதிய டிரேஸ்ரூட்டுக்கு இது பொருந்தும். பாக்கெட் எத்தனை ரவுட்டர்வரை போகலாம் என்று சொல்லும் டிடிஎல் எண்ணை 1, 2, 3 என்று ஏற்றி அனுப்பினால், அது எந்த ரவுட்டரில் காலாவதியாகிறதோ அந்த ரவுட்டர் ஒரு ஐசிஎம்பி பதிலை அனுப்பும். ஒருவர் ஒரு திரையில் ஒரு பாதையைப் பார்த்துக்கொள்ளச் செய்த கருவி அது. அதன் வெளியீட்டை மனிதக் கண் படிக்கிறவரை சிக்கல் எதுவும் இல்லை.

பாதைகள் கோடிக்கணக்கில் சேரும் இடத்துக்கு வருவோம். அமெரிக்காவின் சான் டியேகோவில் இயங்கும் கைடா ஆய்வு மையம் 2007 முதல் 'ஆர்க்' என்ற அளவீட்டுக் கட்டமைப்பை நடத்துகிறது. ஐபிவி4 வெளியை /24 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஏதோ ஒரு முகவரியைக் குலுக்கலில் எடுத்து, அதை நோக்கி டிரேஸ்ரூட் அனுப்புவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அளக்கும் கருவி 'ஸ்கேம்பர்'. நியூசிலாந்தின் வைகாடோ பல்கலைக்கழகத்தில் மேத்யூ லக்கி உருவாக்கியது. அது முடிவுகளை 'வார்ட்ஸ்' என்ற பைனரி வடிவத்தில் எழுதுகிறது. இந்தக் கோப்புகளை ரூபி ஸ்கிரிப்டிலிருந்து படிக்க கைடாவில் உருவானது 'ஆர்பி-வார்ட்ஸ்லிப்'. இப்போது ஸ்கேம்பருடன் பைதான் மாட்யூலும் கிடைக்கிறது.

முதல் வாதம், "எல்லாம் டெக்ஸ்ட்தானே" என்பது. வார்ட்ஸ் டெக்ஸ்ட் இல்லை. ஒவ்வொரு பதிவின் தலையிலும் 8 பைட்: அடையாள எண்ணுக்கு 2, பதிவின் வகைக்கு 2, நீளத்துக்கு 4. உள்ளே எந்தெந்தப் புலங்கள் இருக்கின்றன என்பதைப் பிட் கொடிகள் சொல்லும். ஒரு முகவரி முதல் முறை முழுதாக வரும், அடுத்த முறை வெறும் வரிசை எண்ணாக வரும். இதில் கிரெப் ஓட்டி ஒரு பயனும் இல்லை.

"சரி, டெக்ஸ்டாக மாற்றிக்கொண்டால் போச்சு. அதற்கு ஸ்கேம்பரிலேயே கருவி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. மாற்றும்போது எது உதிர்கிறது என்பதுதான் கேள்வி.

காலாவதிப் பதிலில், காலாவதியான பாக்கெட்டின் தலைப்பகுதியும் ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். அதில் தெரியும் டிடிஎல் வழக்கமாக 1. சில நேரம் 0 என்றிருக்கும். அப்படியென்றால், கீழே போட்டிருக்க வேண்டிய பாக்கெட்டை முந்தைய ரவுட்டர் போடாமல் அடுத்த ரவுட்டருக்குத் தள்ளிவிட்டிருக்கிறது. பதில் சொன்னது அந்த அடுத்த ரவுட்டர். டிடிஎல்லை ஒன்று கூட்டி மறுபடி அனுப்பினால் இப்போதும் அதே ரவுட்டர்தான் பதில் சொல்லும், இம்முறை முறைப்படி. ஆக, ஒரே முகவரி அடுத்தடுத்த இரண்டு ஹாப்களில் நிற்கும். ஹாப், முகவரி, நேரம் மட்டும் அச்சாகும் டெக்ஸ்டைப் பார்ப்பவர் அதை 'லூப்' என்று எழுதிவிடுவார். அங்கே எதுவும் சுற்றவில்லை. ஒரு ரவுட்டரின் கோளாறு, அவ்வளவுதான். டிரேஸ்ரூட்டின் திருத்திய வடிவமான பாரிஸ் டிரேஸ்ரூட்டை உருவாக்கிய குழுவினர் 2006-இல் வெளியிட்ட கட்டுரையில், இப்படித் தோன்றும் லூப்களுக்கான காரணங்களில் ஒன்றாக இதையும் விளக்கியிருந்தார்கள். உண்மையையும் தோற்றத்தையும் பிரிக்கிற அந்த ஒற்றை எண் வார்ட்ஸ் பதிவில் பத்திரமாக இருக்கிறது. லைப்ரரி வழியே படித்தால் ஒரு 'இஃப்' வரி. டெக்ஸ்டில் தேடினால் தடயமே இல்லை.

இரண்டாவது: "நட்சத்திர வரிகளை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கோத்தால் பாதை வந்துவிடும்." எனக்குத் தெரிந்து மிக அதிகமான தவறான வரைபடங்களைப் பெற்றெடுத்த வரி இதுதான். 5-ஆம் ஹாப் பதில் சொல்லாமல் வெறும் நட்சத்திரமாக நின்றால், 4-ஐயும் 6-ஐயும் நேராகக் கோத்து இல்லாத ஒரு இணைப்பை ஸ்கிரிப்ட் உண்டாக்கிவிடும். லட்சக்கணக்கான பாதைகளில் இது நடந்தால், இணையத்தின் வரைபடத்தில் பாதி கற்பனையாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. ஒரே ஹாப்பில் இரண்டு முகவரிகள் வரும் இடம் இன்னும் மோசம். இந்த ஹாப்பின் இரண்டையும் அடுத்த ஹாப்பின் இரண்டோடும் கோத்தால் நான்கு இணைப்புகள் கிடைக்கும். உண்மையில் இருப்பது இரண்டாகவே இருக்கலாம்.

சுமையைப் பல வழிகளில் பிரித்து அனுப்பும் ரவுட்டர்கள், ஒரு பாக்கெட் எந்த வழியில் போக வேண்டும் என்பதை பெரும்பாலும் அதன் முகவரி, போர்ட் எண்களை வைத்தே முடிவு செய்கின்றன. பழைய டிரேஸ்ரூட் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் போர்ட்டை மாற்றிக்கொண்டே போகும். அதனால் 4-ஆம் ஹாப் ஒரு வழியிலும் 5-ஆம் ஹாப் வேறு வழியிலும் இருக்கக்கூடும். பாரிஸ் முறை அந்த எண்களை மாற்றாமல் வைத்துக்கொள்கிறது. கையில் இருக்கும் அளவீடு எந்த முறையில் எடுத்தது என்பது வார்ட்ஸ் பதிவிலேயே இருக்கிறது. அதைக் கேட்காமல் இரண்டு வகைத் தரவையும் ஒரே குழாயில் ஊற்றுகிறவரை என்ன சொல்வது?

டெக்ஸ்ட் வெளியீட்டில் விண்டோஸ், லினக்ஸ் வித்தியாசத்தைப் பற்றி ஒரு வரி போதும். முன்னதில் நேரம் முதலில், முகவரி கடைசியில், பின்னதில் நேர்மாறு.

மூன்றாவது வாதம் கொஞ்சம் புதியது. "ஜேசானில் வாங்கிக்கொண்டால் பார்சிங் பிரச்சினையே இல்லை." ரைப் அட்லஸ் என்ற அளவீட்டு வலையமைப்பு முடிவுகளை ஜேசானில்தான் தருகிறது. அப்படியிருந்தும் அவற்றைப் படிக்க 'சேகன்' என்று ஒரு பைதான் லைப்ரரி தேவைப்பட்டது. அட்லஸின் சிறு கருவிகள் 2010 முதல் உலகெங்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் சொருகப்பட்டு வருகின்றன. கருவியின் ஃபர்ம்வேர் மாற மாற முடிவின் வடிவமும் மாறிவந்திருக்கிறது. பதில் வராத பாக்கெட்டுக்கு ஒரு வடிவம், காலம் கடந்து வந்த பதிலுக்கு வேறு வடிவம். நேரப் புலம் எப்போதும் இருக்கும் என்று நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் முதல் நூறு வரிகளில் ஓடும், பிறகு எங்கோ விழும். அடைப்புக்குறிகள் சரியாக இருக்கின்றன என்பதற்கு மட்டுமே ஜேசான் பொறுப்பு.

"ஸ்கிரிப்ட் மொழி மெதுவாச்சே" என்பது கடைசி. ஆர்பி-வார்ட்ஸ்லிப் சி-யில் எழுதிய நீட்சி. பைட்டுகளைப் பிரிக்கும் கனமான வேலை அங்கே நடக்கிறது. ரூபிக்கு வருவது பிரித்து முடித்த பொருள்தான். டெக்ஸ்டாக மாற்றி, அதை மறுபடி வரி வரியாக உடைப்பதுதான் இரட்டை வேலை.

எதிர்த் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. ஒரு பாதைக்கு ஒரு வரி என்று டேப் பிரித்துத் தரும் கருவியும் ஸ்கேம்பர் தொகுப்பில் இருக்கிறது. பாதை ஏன் நின்றது என்பதையும் அது தனிப் பத்தியில் எழுத்துக் குறியாகத் தந்துவிடும்: இலக்கைத் தொட்டதா, சென்றடைய முடியாது என்று பதில் வந்ததா, லூப்பா, தொடர்ந்து பதில் வராமல் கைவிட்டதா. குலுக்கலில் எடுத்த முகவரியில் பெரும்பாலும் பதில் சொல்ல ஆளே இருக்காது என்பதால் இந்தப் பத்தியைப் பார்க்காமல் பாதை நீளத்துக்குச் சராசரி போடக் கூடாது. அதை மட்டும் கவனித்துக்கொண்டால், தனித்தனி முகவரிகள் எத்தனை, எந்த இலக்குகள் பதில் சொன்னன போன்ற கேள்விகளுக்கு ஆக் தாராளமாகப் போதும். அதற்கு நானும் ஆக்தான் எழுதுவேன்.