மெல்லிய தீயில் பன்றிக் கறியும் பன்னீர்த் திராட்சையும்



ஆட்டுக் கறி வாங்கக் கை கூசும் வீடுகளுக்குப் பன்றிக் கறி நெடுங்காலமாகத் துணை நின்று வருகிறது. ஆயினும் அதைப் பற்றி நம் பெண்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை. செல்லூரில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்மல் கேட்கும். அடுப்பில் இருப்பது இன்னதென்று தெரியக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு, மிளகாயை அள்ளிப் போட்டு, குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு, அவசரமாக இறக்கிவிடுகிறோம். பார்ப்பதற்கு வெந்தது போலிருக்கும். கடித்தால் நார் நாராகப் பல்லில் சிக்கும். பிறகு, "பன்றிக் கறி என்றாலே இப்படித்தான்" என்று பழி கறியின் மேல் விழுகிறது.

மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? யோப்பா நகரில் வீட்டின் மேல்தளத்தில் செபித்துக்கொண்டிருந்த பேதுரு கண்ட காட்சியைத் திருத்தூதர் பணிகள் 10ஆம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். வானிலிருந்து இறங்கிய அந்த விரிப்பு உணவைவிட மனிதரைப் பற்றியே அதிகம் பேசியது. அதைக் கண்ட பின்னரே பேதுரு செசரியாவுக்குச் சென்று, பிற இனத்தவரான கொர்னேலியுவின் வீட்டுக்குள் காலடி வைத்தார். நம் நாட்டிலோ தட்டில் இருப்பதைப் பார்த்து ஆளை அளக்கும் பழக்கம் ஆலயத்துக்குள்ளும் வந்து பந்தியில் அமர்ந்திருக்கிறது. சனவரி 17ஆம் நாள் நாம் விழாக் கொண்டாடும் வனத்து அந்தோனியாரின் காலடியில் ஒரு பன்றி நிற்பதைச் சுரூபங்களில் கண்டிருப்பீர்கள். அவர் பெயரால் ஐரோப்பாவில் மருத்துவமனை நடத்திய துறவியர் பன்றிக் கொழுப்பைத் தோல் நோய்க்குப் பூசி வந்தனர்.

வெட்கம் வேண்டாம் என்பதால் கவனமும் வேண்டாம் என்பதில்லை. பக்கத்துக் கோரிப்பாளையத்திலும் நம் தெருக்களிலும் இஸ்லாமிய அன்பர்கள் வாழ்கிறார்கள். விழா நாளில் அவர்களுக்குப் பலகாரம் அனுப்பும்போது, இந்தக் கறி தொட்ட கரண்டியோ பாத்திரமோ அதன் அருகே வரலாகாது.

இனிச் சமையலுக்கு வருவோம். மிகுதியாக உழைத்த தோள், முன்சந்துப் பகுதிகளில் நார்த்தசை அதிகம். ஆகவே விலை குறைவு. அந்த நாரை இளக்குவது பெருந்தீ அன்று, நேரம். கொதித்துப் பொங்காமல், ஆங்காங்கே ஒரு குமிழி எழும் சூட்டில் இரண்டரை மணி நேரம் கிடந்தால் நார் கரைந்து பசையாகிக் குழம்புக்குக் கனம் தரும். புளிப்புள்ள பழம் அதற்குத் துணை செய்வதோடு கொழுப்பின் திகட்டலையும் அறுக்கிறது. குடகு மக்கள் இதை நன்கு அறிவார்கள். குடம்புளிப் பழச் சாற்றைக் கருமையாகச் சுண்டக் காய்ச்சி, கச்சம்புளி என்று வைத்திருந்து, தங்கள் பன்றிக் கறியில் சேர்ப்பார்கள். போர்த்துகீசியர் திராட்சை மதுவிலும் பூண்டிலும் ஊறவைத்த இறைச்சி, கோவாவுக்கு வந்தபோது தென்னங்கள் காடியில் ஊறி விந்தாலு ஆயிற்று.

நமக்குக் கச்சம்புளி தேடி அலைய வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை இருக்கிறது. பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரால் 1832இல் தமிழகத்துக்கு வந்த பழம் அது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆண்டு முழுவதும் காய்ப்பதால் மதுரைக்குத் தட்டில்லை. விதையுள்ள, தோல் தடித்த கறுப்புப் பழமே இதற்கு ஏற்றது. விதையில்லாப் பச்சைத் திராட்சையில் இனிப்பு மட்டுமே மிஞ்சும்.

ஒரு கிலோ கறி, கொஞ்சம் கொழுப்போடு, எலுமிச்சை அளவுத் துண்டுகளாக வாங்குங்கள். துண்டுகளில் சவ்வரிசி போன்ற வெள்ளை முத்துக்கள் தென்பட்டால், அது எத்தனை மலிவாயினும் வேண்டாம்; நாடாப்புழுவின் குட்டிகள் அவை. நன்றாக வேகாத கறியால் அந்தப் புழு குடலில் வளரும். ஆனால் மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்குவது வேறு வழியில் வருகிறது. குடலில் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து அதன் முட்டை கழுவாத கையிலும் கீரையிலும் ஏறி வயிற்றுக்குள் போகிறது. ஆகையால் கறியே தொடாதவர்க்கும் அந்நோய் வருகிறது. கறியை முழுதும் வேகவைப்பது எவ்வளவு முக்கியமோ, கழிப்பறையும் கை கழுவுதலும் அவ்வளவு முக்கியம்.

கறியில் மஞ்சளும் உப்பும், நான்கு வற்றல் மிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், சிறு துண்டுப் பட்டை, நான்கு கிராம்பு ஆகியவற்றை அரைத்த விழுதும் பிசறி அரை மணி வையுங்கள். அரைக் கிலோ திராட்சையை அரை டம்ளர் நீரில் பத்து நிமிடம் வேகவிட்டு, கரண்டியால் மசித்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள், விதை உடைந்து கசக்கும். மண்சட்டியே இதற்கு நல்லது. ஈயம் பூசாத பித்தளையில் புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும்.

சட்டியில் கொழுப்புத் துண்டுகளை முதலில் இட்டால் அதுவே உருகும், எண்ணெய் தேவையில்லை. கறியைச் சிறிது சிறிதாகச் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் கால் கிலோ சின்ன வெங்காயம், பதினைந்து பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி வதக்குங்கள். கறியைத் திரும்பப் போட்டு, திராட்சைச் சாற்றை ஊற்றுங்கள். கறியில் முக்கால் உயரத்துக்குச் சாறு நின்றால் போதும், குறைந்தால் வெந்நீர் சேர்க்கலாம். இறுக மூடுங்கள். கேஸ் அடுப்பானால் சிறு தீயில் பழைய தோசைக்கல்லை வைத்து அதன் மேல் சட்டியை ஏற்றினால் அடிபிடிக்காது. அரை மணிக்கொரு முறை புரட்டினால் போதும். கரண்டி விளிம்பு பட்டதும் கறி பிரிய வேண்டும். பிரியவில்லையென்றால் இன்னும் அரை மணி. இறக்கும் முன் புளிப்பு மிஞ்சியிருந்தால் ஒரு சிறு துண்டுக் கருப்பட்டி. மேலே மிதக்கும் நெய்யை அகப்பையால் வழித்துவிடுங்கள்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சட்டியை ஏற்றினால், குடும்பச் செபமாலை முடிந்து எட்டு மணிக்கு எல்லோருமாக உட்காரலாம். அன்று கதவு திறந்தே இருக்கட்டும். சுடுசோறு போதும், வேறு கூட்டு, பொரியல் என்று மெனக்கெட வேண்டியதில்லை. மிஞ்சியதைச் சூடு தணிந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை எடுத்துவிட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டுத் தோசைக்குத் தொட்டுக்கொண்டால், முதல் நாளைவிட ருசியாக இருக்கும்.