சென்னைக்கு ஒரு நாள் போதுமாம்!

"சென்னையில என்ன இருக்கு? மெரினா, தி.நகர், அவ்வளவுதான்." இப்படிச் சொல்லாத ஆளே இல்லை. ஊர் சுற்றத் திட்டம் போடுபவர்களும் இதை நம்பி, சென்னைக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குகிறார்கள்.

அதே ஆட்கள் லண்டன் போனால் பிரிட்டிஷ் மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதே ஸ்தூபியின் சிற்பங்கள் எழும்பூர் மியூசியத்திலும் இருக்கின்றன என்று சொன்னால் முழிப்பார்கள்! 1851-ல் தொடங்கிய மியூசியம் அது. திருவாலங்காட்டு நடராஜர் உட்பட அங்குள்ள செப்புத் திருமேனிகளைப் பார்க்கவே ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும்.

உண்மையில் ஒரு வாரம் தாராளமாக நிரம்பும். எழும்பூர் மியூசியம், கோட்டை மியூசியம் இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று காஞ்சிபுரம் போய் கைலாசநாதர் கோயிலைப் பார்க்கலாம். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. வேறொரு நாள் அதையும், அதே சாலையில் இருக்கும் மாமல்லபுரத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். குளிர்காலமென்றால் பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகள் வரும். அதற்கு ஒரு நாள்.

இத்தனையும் விட்டுவிட்டு "ஒண்ணுமே இல்லை" என்பது, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இலையை மூடிவிட்டு சமையல் சரியில்லை என்கிற கதைதான்.