வாசலிலிருந்து வாசல் வரை

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு, உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால், சுமார் 13,900 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் பதினைந்தரை மணி நேரம் வரும். இந்தக் கணக்கை மனதில் வைத்து அம்மா அப்பாவுக்கு டிக்கெட் எடுக்கும் பிள்ளைகளுக்காகவே இந்த வாரம் எழுதுகிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் அப்படிப்பட்ட பெற்றோர் இல்லாத தெரு குறைவு.

நூல் காட்டும் வழி சீனா, சைபீரியா, அலாஸ்கா மேலாகப் போகிறது. ஆனால் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானமே கிடையாது. பெங்களூருக்கு அது கிடைத்தது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தைக் கடந்து பெங்களூரில் வந்திறங்கினார்கள். நம்மவர்கள் துபாய், தோஹா, லண்டன், பிராங்பர்ட் என்று எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். துபாய் வழி என்றால் முதலில் நான்கு மணி நேரம், பிறகு பதினாறு மணி நேரம், நடுவில் காத்திருப்பு. தூரம் கூடுவது 2,000 கிலோமீட்டர்தான். நேரமோ ஒரு முழு நாளைத் தொட்டுவிடுகிறது.

டிக்கெட்டைப் பார்த்தால் இது தெரியாது. அதிகாலை 4 மணிக்குப் புறப்பாடு, அதே நாள் பிற்பகல் 3.30க்கு வருகை என்று போட்டிருக்கும். பதினொன்றரை மணி நேரம்தானே என்று தோன்றும். கோடையில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதையும் சேர்த்தால் 24 மணி நேரம்!

காற்றுக்கும் இதில் பங்குண்டு. முப்பதாயிரம், நாற்பதாயிரம் அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்றோட்டம் உண்டு. அதனால் லண்டனுக்குப் போகும்போது ஏறக்குறைய 11 மணி நேரம், திரும்பும்போது 10. தூரம் இரண்டு பக்கமும் ஒரே 8,200 கிலோமீட்டர்தான். நாடுகள் வானத்தை மூடுவதும் நேரத்தைக் கூட்டும். 2022இல் ரஷ்யா ஐரோப்பிய, அமெரிக்க விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போனவர்கள் சுற்றிப் போனார்கள்.

இத்தனைக்கும் முன்னால் மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ச் சேர வேண்டும். ஆவடியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் மாலை நேரத்தில் போரூரைத் தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும். மெட்ரோ விமான நிலையத்துக்கு 2016லேயே வந்துவிட்டது. எங்களுக்கோ அது மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், பெட்டிகளோடு மாறி ஏறும் சுற்றுவழி. மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும், வழியில் இரண்டு மணி நேரம், சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியபின் குடியேற்ற வரிசை. வாசலிலிருந்து வாசல் வரை முப்பது மணி நேரம். எழுபது வயது முழங்காலுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே பிள்ளைகளே, சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று இரண்டு இடத்தில் மாறும் டிக்கெட் எடுக்காதீர்கள். ஒரே முறை மாறட்டும், முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும், நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். அப்பா வேண்டாம் என்றுதான் சொல்வார், அதைக் கேட்காதீர்கள்.